கிளினிக்கில் மட்டும் ‘பரவாயில்லை’ என்கிற அப்பா

அப்பாவுக்கு சிஓபிடி (நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), வீட்டில் மூச்சு இளைக்கிறார், திருகோணமலை கிளினிக்கில் டொக்டர் கேட்டால் மட்டும் "பரவாயில்லை" என்கிறார் என்று எழுதியிருந்தீங்கள். கதிரையில் இருந்து ஆறின மனுசனுக்கு மூச்சு வாங்காதுதானே! அதனால வேலையை வைத்துச் சொல்லுங்கோ: "போன மாதம் கோணேசர் கோயில் ஏற்றத்தில் ஒருக்காத்தான் நின்றவர், இப்ப கிணத்தடிக்குப் போகவே நிற்கிறார்."

கொப்பியில் நாளுக்கு ஒரு வரி போதும்: நீல பம்ப் (இளைக்கும்போது இழுக்கிற மருந்து) எத்தனை தரம், சளி எத்தனை தேக்கரண்டி, என்ன நிறம். வெள்ளைச் சளி மஞ்சளாகி அல்லது பச்சையாகி, அளவும் இளைப்பும் கூடினால் கிளினிக் திகதி வரை பார்த்திருக்க வேண்டாம், அன்டிபயோட்டிக் தேவைப்படலாம்.

பம்ப், ஸ்பேசர் (பம்பில் பூட்டி இழுக்கிற குழாய்) எல்லாத்தையும் கொண்டுபோய் டொக்டருக்கு முன்னால இழுத்துக் காட்டச் சொல்லுங்கோ. மருந்து கேட்கேல்லை என்றால் பலநேரம் இழுக்கிற முறையில்தான் பிழை: குலுக்காமல் அடிப்பது, அடிச்ச உடனே மூச்சை விடுவது.

ஒக்சிமீட்டரில் (விரலில் மாட்டி இரத்தத்து ஒட்சிசனை அளக்கிற கருவி) 90% என்று பார்த்துப் பதற வேண்டாம், சில சிஓபிடிக்காரருக்கு 88–92தான் இலக்கு. அப்பாவின் அளவைக் கேட்டு எழுதி வையுங்கோ.

உதடு நீலித்தால், ஒரு வசனம் முடிக்க ஏலாவிட்டால், பகலில் மயங்கி மயங்கித் தூங்கினால் உடனே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.