மென்பொருளின் தானியங்கிச் சோதனைகள் எல்லாம் பாஸ் ஆகிவிட்டால் தைரியமாக ரிலீஸ் பண்ணலாமா?

பண்ணலாம், ஆனால் அத்தோடு சோதனை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அவை பார்ப்பது நிரலை மட்டும்தான். அது சர்வரில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு விஷயம்.

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் மாட்டிக்கொண்டது இங்கேதான். 8 சர்வர்களில் கையால் நிரலை ஏற்றும்போது ஒன்று விட்டுப்போனது. 2003-லேயே பயன்பாடு நின்ற பழைய நிரல் அதில் அப்படியே கிடந்தது. அந்தப் பழைய நிரலின் ஃபிளாக்கை (ஒரு வசதியை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச் போன்ற குறி) புதிய வசதிக்கென்று மறுபடி எடுத்தாண்டிருந்தார்கள். அது பழைய நிரலை எழுப்பிவிட, சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். கொடுமை என்னவென்றால், பதற்றத்தில் மற்ற ஏழிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். அவையும் பழைய நிரலை ஓட்ட ஆரம்பித்தன!

ஆகவே எல்லா சர்வரிலும் ஒரே வெர்ஷன்தானா என்று பைப்லைனே (நிரலைச் சோதித்து சர்வரில் ஏற்றும் தானியங்கி அமைப்பு) சரிபார்க்கட்டும். பயன்படாத நிரலை அழித்துவிடுங்கள். முக்கியமாக, ரோல்பேக்கையும் (பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது) முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள். பல டீம்கள் அதைத் தொடுவதே இல்லை.