பழைய புல்லட்டுக்குக் கேம் வாங்கும் முன்

கேள்வி: என் 1974 புல்லட் 350-ல் டேப்பெட் (கேம் தள்ள ஏறி இறங்கும் சிறு தண்டு) அட்ஜஸ்ட் செய்து பத்தே நாளில் மறுபடி தட்டுகிறது. பிரித்துப் பார்த்தால் எக்ஸாஸ்ட் கேமின் (புகை வால்வைத் திறக்கும், ஒரு பக்கம் புடைத்த சக்கரம்) மூக்கு மழுங்கியிருக்கிறது. சென்னை புதுப்பேட்டையில் பழைய கேம் கிடைக்கிறதாம். வாங்கிப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் கேமை மட்டும் மாற்றிவிட்டு இன்ஜினை மூடிவிடாதீர்கள். டேப்பெட்டின் அடிமுகத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் குழியோ, செதில் பெயர்ந்த தடமோ இருந்தால் அது புதுக் கேமையும் தின்றுவிடும். கேம் மாற்றினால் டேப்பெட்டும் புதிது, இதில் சிக்கனம் வேண்டாம்.

கடைக்கு மைக்ரோமீட்டரோடு போங்கள். மூக்கிலிருந்து எதிர்ப்பக்கம் வரை ஓர் அளவு, அதற்குக் குறுக்கே வட்டப் பகுதியில் ஓர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் லிஃப்ட், அதாவது கேம் டேப்பெட்டைத் தூக்கும் உயரம். எக்ஸாஸ்ட் கேமாகவே இரண்டு மூன்றை எடுத்து அளந்தால் தேய்ந்தது தானாகவே தெரிந்துவிடும். அப்புறம், டேப்பெட் படாத ஓரத்தில் சின்ன அரத்தை லேசாக இழுங்கள். வழுக்கினால் மேற்பரப்பு கடினமாக இருக்கிறது, நல்லது; கடித்தால் வைத்துவிட்டு வாருங்கள். வெல்டிங் வைத்து அரைத்த கேமை நான் வாங்கமாட்டேன், அடுக்கு பெயர்ந்துவிடும் என்ற பயம் எனக்கு உண்டு.

புல்லட்டில் கேம் சுழலும், அதைத் தாங்கும் அச்சான ஸ்பிண்டில் அசையாது. கேமை அதில் மாட்டிப் பல் சக்கரத்தின் விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் புஷ் (அச்சைச் சுற்றியுள்ள உள்வளையம்) அல்லது ஸ்பிண்டில் தேய்ந்திருக்கிறது. பிறகு பினியனோடு (கிராங்க் முனையில் உள்ள சின்னப் பல் சக்கரம்) சேர்த்துக் கையால் சுற்றுங்கள். ஓரிடத்தில் இறுக்கம், இன்னோரிடத்தில் தளர்வு என்றால் சக்கரம் மையம் தப்பியிருக்கிறது. சுற்று முழுக்க இறுக்கம் என்றால் ஸ்பிண்டில் சரிந்திருக்கலாம், நல்ல லேத் கடையில் காட்டுங்கள்.

மூக்கிலிருந்து உதிர்ந்த தூள் எங்கே போயிருக்கும்? இந்த வண்டிக்குத் தனி ஆயில் டேங்க் கிடையாது, ஆயில் அறை கிராங்க்கேஸிலேயே இருக்கிறது. தூளும் அங்கேதான் கிடக்கும். ஃபில்டரை மாற்றி, ஆயில் வழிகளை எல்லாம் கழுவுங்கள். இதை விட்டால் மற்றதெல்லாம் வீண்.

பூட்டும்போது பல் சக்கரங்களில் உள்ள டைமிங் புள்ளிகள் சேர்ந்திருக்க வேண்டும். கேம் மூக்கிலும் டேப்பெட் அடியிலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது புஷ்ராட் (டேப்பெட்டின் மேல் நிற்கும் நீண்ட தண்டு) விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் த்ராட்டிலைச் சற்றே ஏற்றி வையுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் டேப்பெட்டை மறுபடி பாருங்கள். தளர்ந்திருந்தால் ஓட்டாமல் கேமை மூடியிருக்கும் டைமிங் கவரைத் திறந்துவிடுங்கள்.