பச்சை டியூபை ஆறு மாதம் மூடி வையுங்கள்

கேள்வி: கோத்தகிரியில் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவிய வகுப்புக்குப் போகிறேன். அக்ரிலிக்கில் இயற்கைக் காட்சி வரைய வேண்டும் என்பதுதான் ஆசை. கண்ணெதிரே மலை இருந்தும் கேன்வாஸில் வர மாட்டேன் என்கிறது. தூரத்து மலை பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தேயிலைத் தோட்டம் கல்யாண மண்டபத்தில் விரிக்கிற பச்சை விரிப்பு மாதிரி இருக்கிறது. கலக்கும்போது சரியாக இருந்த நிறம் காய்ந்ததும் கறுத்துவிடுகிறது. போன ஜனவரியில் விடியற்காலையில் வெளியே உட்கார்ந்து வரைந்த படம், விரலால் தேய்த்தால் மாவாக உதிர்கிறது. பேசாமல் ஆயில் பெயின்டுக்கு மாறிவிடட்டுமா?

பதில்: வேண்டாம். ஆயிலுக்கு மாறினாலும் அந்த மலை பக்கத்தில்தான் வந்து உட்காரும். ஐப்பசி மழையில் உங்கள் ஊரில் துவைத்துப் போட்ட துணியே மூன்று நாள் காய்வதில்லை; ஆயில் படத்தை எங்கே வைத்துக் காயவைப்பீர்கள்? குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு டர்பென்டைன் வாசனையோடு உட்காருவதும் நல்லதில்லை.

நீங்கள் சொன்ன நான்கு குறைகளில் இரண்டு பெயின்டைச் சேர்ந்தவை, இரண்டு கண்ணைச் சேர்ந்தவை. பெயின்ட் சங்கதி சுலபம், முதலில் அதை முடித்துவிடுவோம்.

அக்ரிலிக் பெயின்ட் என்பது தண்ணீரில் மிதக்கும் பொடிப்பொடியான பிளாஸ்டிக் துகள்களும் நிறப்பொடியும். தண்ணீர் ஆவியாகிப் போகும்போது துகள்கள் நெருங்கி, இளகி, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே படலமாகின்றன. இளகுவதற்குக் கொஞ்சம் சூடு வேண்டும். ஏறக்குறைய 10 டிகிரிக்குக் கீழே போனால் துகள்கள் விறைத்து நிற்கும்; தண்ணீர் போய்விடும், படலம் உருவாகாது. மேலே பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். எனக்கும் இந்த அனுபவம் உண்டு. ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தாவில் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்த ஒரு காலை, அதை விடக்கூடாது என்று ஏழு மணிக்கே பலகையை விரித்து உட்கார்ந்தேன். படம் நன்றாகவே வந்தது. ஒரு வாரம் கழித்துத் தூசி துடைத்தபோது பாதி வானம் துணியோடு வந்துவிட்டது. அப்படிப்பட்ட படத்தைப் பிறகு வெயிலில் வைத்தும் பயனில்லை. உதிர்வதைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே பலகையில் புதிதாக ஆரம்பியுங்கள்.

தெர்மாமீட்டர் தேவையில்லை. வாயைத் திறந்தால் ஆவி தெரிகிற காலையில் டியூபைத் திறக்காதீர்கள், அவ்வளவுதான். அந்த நேரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், வெயில் ஏறியதும் வண்ணத்துக்கு வாருங்கள். டியூப்களை ராத்திரி வண்டியிலேயே விட்டுவைக்கவும் வேண்டாம். உறைந்து இளகிய அக்ரிலிக் திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாகிவிடும்.

காய்ந்ததும் கறுப்பது எல்லா அக்ரிலிக்குக்கும் உள்ள குணம். ஃபெவிக்கால் ஈரத்தில் வெள்ளையாக இருந்து காய்ந்ததும் கண்ணாடியாவதைப் பார்த்திருப்பீர்கள். அக்ரிலிக்கில் உள்ள பசையும் அப்படித்தான். ஈரத்தில் அந்தப் பால்வெள்ளை நிறத்தோடு கலந்து வெளிறிக் காட்டுகிறது. அது மறைந்ததும் உண்மையான நிறம் தெரிகிறது. ஆகவே பலகையின் ஓரத்தில் ஒரு காகிதக் கீற்றை ஒட்டி வைத்துக்கொண்டு, கலந்த நிறத்தை அதில் ஒரு பொட்டு தடவி, காயவிட்டுப் பார்த்தபின் கேன்வாஸுக்குப் போங்கள். பத்துப் படம் முடிவதற்குள் எவ்வளவு வெளுப்பாகக் கலக்க வேண்டும் என்பது கைக்கே தெரிந்துவிடும். தை, மாசியில் அடிக்கிற வறண்ட காற்றில் பாலெட்டிலேயே பெயின்ட் காய்ந்துபோகும். மூடியுள்ள ஸ்வீட் டப்பா ஒன்றில் ஈரத்துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் பட்டர் பேப்பரை விரித்து அதில் கலக்குங்கள். மூடி வைத்தால் மறுநாளும் பெயின்ட் இளகியே இருக்கும்.

இனி கண். உங்கள் பெட்டியில் பச்சை டியூப் ஒன்றோ இரண்டோ இருக்கும். தாலோ கிரீன், சாப் கிரீன் என்று பெயர் போட்டிருக்கும். அதை எடுத்து அலமாரியில் வைத்து ஆறு மாதம் மறந்துவிடுங்கள். தாலோ கிரீன் நீலம் தூக்கிய, மிகவும் வீரியமான பச்சை. ஒரு சொட்டு விழுந்தால் போதும், குவியல் முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நீலகிரியில் எந்த மரத்தின் இலையிலும் அந்தப் பச்சையை நான் பார்த்ததில்லை. உங்கள் தோட்டம் விரிப்பு மாதிரி ஆவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

வீட்டு வாசலில் நின்று பத்து நிமிடம் பாருங்கள். கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) பச்சையில் சாம்பலும் நீலமும் கலந்திருக்கும். சீகை மரம் (வாட்டில்) இருண்டு நிற்கும். சைப்ரஸ் கிட்டத்தட்ட கறுப்பு. சோலைக்காடு காலிஃபிளவர் மாதிரி குமிழ் குமிழாகத் திரண்டு, தளிர் விடும் காலத்தில் செம்புச் சிவப்பு காட்டும். புல்வெளி கோடையில் வைக்கோல் நிறம். இதில் டியூப் பச்சை எங்கே இருக்கிறது?

ஐந்து டியூப் போதும்: டைட்டானியம் ஒயிட், அல்ட்ராமரின் புளூ, லெமன் எல்லோ, எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியென்னா. அல்ட்ராமரினோடு லெமன் சேர்த்தால் கொழுந்துப் பச்சைக்குப் பக்கத்தில் வரும். ஓக்கர் சேர்த்தால் அடங்கிய ஆலிவ் பச்சை. எதுவானாலும் பர்ன்ட் சியென்னா ஒரு துளி விட்டால் நிறத்தின் திமிர் அடங்கும். அல்ட்ராமரினும் சியென்னாவும் சரிபாதி கலந்தால் கறுப்பு டியூபே தேவையில்லாத அளவுக்கு ஆழமான இருட்டு கிடைக்கும். ஓட்டு வீட்டுக் கூரைக்கு சியென்னாவே போதும். மழைநாளில் வீட்டுக்குள் உட்கார்ந்து, கட்டம் போட்ட ஒரு தாளில் இந்த ஐந்தை வைத்து முப்பது பச்சை கலந்து பாருங்கள். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி வையுங்கள். உங்கள் பக்கத்து ஆலு குறும்பர் பழங்குடிகள் வேங்கைப் பிசினும் இலைச்சாறும் கரியும் வைத்துக்கொண்டே காட்டையும் தேனெடுப்பையும் வரைகிறவர்கள். நிறம் குறைவாக இருக்கிறதே என்று நமக்கு மனசு அடித்துக்கொள்ளும்போது நினைத்துப் பார்க்கலாம்.

வாங்கும்போது ஒன்று. டியூபின் பின்னால் சின்ன எழுத்தில் நிறப்பொடியின் குறியீடு இருக்கும். அல்ட்ராமரினுக்கு பி.பி.29, ஓக்கருக்கு பி.ஒய்.43. ஒரு குறியீடு மட்டும் இருந்தால் அது தனி நிறம், கலப்பது எளிது. மூன்று இருந்தால் ஏற்கெனவே கலந்தது, அதோடு இன்னொன்றைக் கலந்தால் சேறுதான். கைவினைக்கென்று விற்கிற சின்னப் பாட்டில்களில் நிறப்பொடி குறைவு, இதற்கு ஆகாது.

இப்போது உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன்: தூரம். உங்களுக்கும் மலைக்கும் நடுவில் காற்று இருக்கிறது. அந்தக் காற்று வெளிச்சத்தில் உள்ள நீலத்தைச் சிதறடித்து, மலையின் இருட்டின்மேல் மெல்லிய நீலத் திரையைப் போடுகிறது. தூரம் கூடக்கூடத் திரை தடிக்கிறது. நீலகிரிக்குப் பெயர் வந்தது குறிஞ்சிப் பூவால் என்பார்கள். அது 12 வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கிறது. மற்ற 11 வருடமும் மலையை நீலமாகக் காட்டுவது இந்தக் காற்றுதான்.

இதிலிருந்து ஓவியருக்கு இரண்டு சங்கதி கிடைக்கிறது. தூரத்தில் முதலில் காணாமல் போவது இருட்டு. அடுத்துக் காணாமல் போவது மஞ்சள். தொடுவானத்து மலைமேல் காடு இருக்கிறது, காடு பச்சை என்று உங்கள் புத்தி சொல்லும். கண் அப்படிச் சொல்லாது. புத்தி சொன்னதைக் கேட்டு வரைவதால்தான் மலை எழுந்து முன்னால் வந்துவிடுகிறது.

கோடநாடு காட்சிமுனைக்கு ஒரு காலை போங்கள். காலடியில் தேயிலை, அதற்கப்பால் காட்டுச் சரிவு, ரங்கசாமி முடி என்கிற சிகரம், கீழே தெங்குமரஹாடா கிராமமும் மாயாறும், கடைசியில் சமவெளி வானத்தில் கரைகிற இடம். தூரத்தை இவ்வளவு தெளிவாக அடுக்கி வைத்த இடம் இந்தப் பக்கம் குறைவு. கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். விவரமெல்லாம் போய், நான்கைந்து பட்டைகளாகத் தெரியும். அந்தப் பட்டைகளில் எது வெளுப்பு, எது இருட்டு என்பதை மட்டும் முதலில் பென்சிலால் நிரப்புங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிச் சரிபார்க்கலாம். போன் அதோடு போதும். அதில் வருகிற பச்சையை நம்பினால் மறுபடியும் விரிப்புதான்.

கலப்பது இப்படி. நெல்லிக்காய் அளவு வெள்ளை, அதில் மிளகளவு அல்ட்ராமரின், கடுகளவு சியென்னா. இதுதான் கடைசி மலை. வானத்தைவிட ஒரு படி இருட்டாக இருந்தால் போதும். தடவியபின் மிச்சக் குவியலைத் தூக்கி எறியாதீர்கள். அதிலேயே இன்னும் கொஞ்சம் அல்ட்ராமரினும் சியென்னாவும் சேருங்கள். இது அடுத்த மலை. அதிலேயே ஓக்கர் சேர்ந்தால் அதற்கு அடுத்தது. காலடிக்கு வரும்போதுதான் லெமன் எல்லோ பாலெட்டுக்கே வர வேண்டும். எல்லா மலையும் ஒரே குவியலின் பிள்ளைகள் என்பதால் ஒன்றுக்கொன்று சண்டை போடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பள்ளத்தாக்கில் மூட்டம் அடியில்தான் தேங்கும். ஆகவே ஒவ்வொரு மலையும் உச்சிக் கோட்டில் அழுத்தமாகவும் அடிவாரத்தில் வெளுத்தும் இருக்கும். மாணவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்வார்கள், மலைக்கு அஸ்திவாரம் போடுகிற மாதிரி அடியில் இருட்டைத் தேய்ப்பார்கள். உச்சியை ஒரு அங்குலப் பட்டை பிரஷால் வைத்து, பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே வெறும் ஈர பிரஷால் கீழே இழுத்துவிடுங்கள். ஏறி வருகிற மூட்டத்தை வரைய, அடியில் உள்ளது நன்றாகக் காய்ந்தபின், அக்ரிலிக் மீடியத்தில் (நிறப்பொடி இல்லாத வெறும் பசை) துளி வெள்ளையும் துளி சாம்பல் நிறமும் கலந்து, கண்ணாடி மாதிரி மெல்லிசாக இரண்டு மூன்று தடவை பூசுங்கள். ஒரே பூச்சில் வெள்ளையை அப்பினால் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும்.

தேயிலைத் தோட்டத்தை வரையத் தொடங்குமுன் பலகை முழுக்க சியென்னாவைத் தண்ணியாகத் தடவிக் காயவிடுங்கள். செடிக்கும் செடிக்கும் நடுவில் தெரிகிற மண் அதுவாகவே வந்துவிடும்; பச்சையும் அதன்மேல் உயிரோடு நிற்கும். அப்புறம் தோட்டத்தை ஒரே நிறமாகப் பார்ப்பதை விடுங்கள். கொழுந்து எடுத்து முடித்த பாத்தி இருண்டிருக்கும். எடுக்காத பாத்தி மஞ்சளாக மினுக்கும். கவாத்து செய்த பாத்தியில் வெறும் குச்சிகள், சாம்பலும் பழுப்புமாக. செடியின் மேல்தளம் மேஜை மாதிரி வெட்டியிருப்பதாலும் முற்றிய இலை பளபளப்பாக இருப்பதாலும் மேலே வானத்தின் வெளுப்பு விழும், பக்கவாட்டில் இருட்டு. இந்த இரண்டையும் வைத்தாலே செடி எழுந்து நிற்கும், ஒவ்வொரு இலையாகப் போட வேண்டியதில்லை. பக்கத்துச் செடிக்குக் கட்டைவிரல் நகத்தளவு தீற்றல், நடுவில் உள்ளதற்கு அரிசியளவு, அதற்கப்பால் தீற்றலே வேண்டாம், வெறும் நிறம். தோட்டத்து நிழல்மரமான சில்வர் ஓக் இரண்டு மூன்றை வெவ்வேறு உயரத்தில் நட்டால் சரிவின் சாய்வு தெரியும். ஒரே இடைவெளியில் நட்டால் வேலிக்கால் ஆகிவிடும்.

முடித்த படங்களை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்காதீர்கள், காய்ந்த அக்ரிலிக்கும் ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் சுவரோடு ஒட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வெளியே வரையும்போது பிரஷ் கழுவிய தண்ணீரை ஓடையில் கொட்ட வேண்டாம், அதில் இருப்பது பிளாஸ்டிக். ஒரு டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுவந்து தெளியவிட்டு, அடியில் தங்கிய வண்டலைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

பெரிய கேன்வாஸ் இப்போதைக்கு வேண்டாம். ஆறுக்கு எட்டு அங்குலப் பலகையில், ஒரே இடத்திலிருந்து, நாற்பது நிமிடத்துக்குள் ஒரு படம். நாற்பது நிமிடத்துக்கு மேல் நிழல் நகர்ந்துவிடும், நீங்கள் ஒரே படத்தில் இரண்டு காலைகளை வரைந்துகொண்டிருப்பீர்கள். வாரம் ஒன்று என்றால் ஆறு மாதத்தில் இருபத்தைந்து ஆகும். அதன்பிறகு அலமாரியில் உள்ள பச்சை டியூபை எடுத்துப் பாருங்கள். மூடி இறுகிப்போயிருந்தால் பல்லால் கடிக்க வேண்டாம், வெந்நீரில் ஒரு நிமிடம் தலைகீழாக நிறுத்தினால் திறந்துகொள்ளும்.