கடல் இடது பக்கம் இருக்கட்டும்

அன்புள்ள ஐயா,

மதுரை செல்லூரில் இருக்கிறேன். ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. சில மாதங்களாக வெளிநாட்டுக் கடலோரங்களில் சைக்கிளில் போகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அயர்லாந்தின் மேற்குக் கரை, கலிபோர்னியாவில் பிக் சர். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் செங்குத்தாக இறங்கும் பாறை, கீழே கடல். நம் பக்கம் அப்படி ஏதாவது உண்டா?

பொங்கலுக்கு அப்புறம் ஒரு வாரம் லீவு கிடைக்கும். மதுரைக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவில் கடலோரமாகவே சைக்கிளில் போக ஆசை. நண்பர்களோ, “கிழக்குக் கடற்கரைச் சாலையில் என்ன இருக்கிறது, கருவேலங்காடுதான்” என்கிறார்கள். இங்கிருந்து போவதா, ரயிலில் கன்னியாகுமரி போய் அங்கிருந்து மிதித்து வருவதா? அப்பாவின் பழைய ஹெர்குலிஸ் ஒன்று வீட்டில் இருக்கிறது. கடன் வாங்கியாவது கியர் சைக்கிள் வாங்கத்தான் வேண்டுமா? அம்மா வேறு பயப்படுகிறார்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

இங்கிருந்து போங்கள். உங்கள் கேள்விகளில் முக்கியமானது இதுதான்.

தை, மாசியில் அந்தக் கரையில் வாடைக்காற்று. வடகிழக்கிலிருந்து வரும். ராமநாதபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் கரை தென்மேற்காகச் சரிந்து இறங்குகிறது. ஆக, இங்கிருந்து போகிறவருக்குக் காற்று பெரும்பாலும் முதுகில். எதிர்த்திசையில் வருகிறவருக்கு அதே காற்று நெஞ்சில். சமதரைதானே என்று நினைக்காதீர்கள். மலையேற்றத்துக்கு ஒரு உச்சி உண்டு, அதன்பிறகு இறக்கம் உண்டு. எதிர்க்காற்றுக்கு அது கிடையாது. ஆனி, ஆடியில் போவதாக இருந்தால் வேறு யோசனை சொல்லியிருப்பேன். அப்போது தெற்கே கச்சான் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பாய்ந்து வரும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான்.

இன்னொரு காரணம், நாம் சாலையின் இடது ஓரமாகப் போகிறவர்கள். தெற்கே போனால் கடல் இடது பக்கம். கன்னியாகுமரி முனையைச் சுற்றி மேற்கே திரும்பினாலும் அப்போதும் இடது பக்கம்தான். கரையை எட்டிய பிறகு கடைசி வரை கடல் பக்கத்து ஓரத்திலேயே போகலாம், லாரிகளுக்கு நடுவே சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. நீங்கள் வீடியோவில் பார்த்த அமெரிக்க மேற்குக் கரைக்காரர்களும் இதே கணக்கில்தான் வடக்கிலிருந்து தெற்காகப் போகிறார்கள். அங்கே கோடையில் காற்று வடமேற்கிலிருந்து. அவர்கள் வலது ஓரமாகப் போகிறவர்கள், தெற்கே போனால் கடலும் வலப்பக்கம்.

சரி, உங்கள் நண்பர்கள் சொன்னதற்கு வருகிறேன். சாலையைப் பற்றி அவர்கள் சொன்னது சரி. கடற்கரைச் சாலை என்று பெயர்தானே தவிர, ராமநாதபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் அதிலிருந்து கடல் தெரிகிற இடம் குறைவு. பனை, சீமைக்கருவேலம், உப்பளம், மறுபடி கருவேலம். நேராக மிதித்துக்கொண்டே போகிறவர் இரண்டு நாளும் அதைத்தான் பார்ப்பார். ஆனால் கடல் தொலைவில் இல்லை. ஊர்ப் பலகை வரும் இடத்திலெல்லாம் இடது பக்கம் ஒரு சின்ன ரோடு பிரியும். அதில் திரும்புங்கள். இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இந்தக் கரையை ஊர் ஊராக இறங்கித்தான் பார்க்க முடியும். அதனால் கரையோரத்தில் ஒரு நாளைக்கு 60, 70 கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போடாதீர்கள். 100 போடுகிறவர் எந்த ஊரிலும் இடது பக்கம் திரும்ப மாட்டார்.

கீழக்கரையில் திரும்பினால் திராவிடக் கட்டடக் கலையில் கல்தூண்களோடு எழுந்த பழைய ஜும்மா பள்ளிவாசல். கடைத்தெருவில் தொதல் கிடைக்கும். தேங்காய்ப்பாலில் கிண்டுகிற இனிப்பு, பசிக்கு நன்றாகத் தாங்கும், நிறைய வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். ஏர்வாடிப் பக்கம் பாசி எடுக்கும் பெண்களைப் பார்ப்பீர்கள். விரல்களில் துணிக்கிழியைச் சுற்றிக்கொண்டு கடலில் இறங்குவார்கள். கடலடியில் பாறையைப் பற்றி வளர்ந்திருக்கும் பாசியைப் பறிக்கும்போது வெறும் கை கிழிந்துவிடும். கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள். அப்புறம் வாலிநோக்கம், சாயல்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் சிவன் கோயில் இருக்கும் மாரியூர், படகுகள் நிற்கும் மூக்கையூர், வேம்பார், கீழவைப்பார், தருவைகுளம். எல்லாவற்றுக்கும் போக முடியாது. நாளுக்கு இரண்டு, மூன்று போதும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் கரைகள் நாம் பொழுதுபோக்கப் போகிற பீச் இல்லை, அங்கே இருப்பவர்களின் வேலைத்தளம். மணலில் விரித்திருப்பது வலை. அதன்மேல் சைக்கிள் சக்கரம் ஏறக் கூடாது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் தள்ளி நில்லுங்கள். கேட்டால் தாராளமாகப் பேசுவார்கள். மறுநாள் காற்று எப்படி என்பதை எந்த ஆப்பையும்விட அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பாறையைப் பற்றிக் கேட்டீர்கள். பிக் சர் போல மலையை வெட்டி, கடலுக்கு மேல் தொங்குகிற சாலை நம் பக்கம் இல்லை. அங்கே மலைத்தொடர் நேராகக் கடலில் இறங்குகிறது. அதில் வெட்டிய சாலை 1937இல் திறக்கப்பட்டது, இன்றும் அடிக்கடி சரிந்து மூடிக்கொள்கிறது. ராமநாதபுரம் கரை தாழ்ந்த மணற்கரை. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 பவளத்தீவுகள் வரிசையாக முன்னால் நின்று அலையை வாங்கிக்கொள்கின்றன. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது இவற்றைத்தான். கடல் அங்கே ஏரியைப் போலக் கிடக்கும். அந்த அமைதிக்குக் கண் பழகிய பிறகு தெற்கே போகிறபோதுதான் கரை மாறுவது உறைக்கும். அதற்காகவும்தான் இங்கிருந்து போகச் சொல்கிறேன்.

தாமிரபரணியைக் கடந்ததும் ஆத்தூர்ப் பக்கம் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாகக் கண் குளிரும். காயல்பட்டினம், திருச்செந்தூர், குலசேகரப்பட்டினம் தாண்டி மணப்பாட்டில் முதல் மேடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்பாறைக் குன்று, அதன் தலையில் திருச்சிலுவைக் கோயில், கீழே சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. ஒரு பக்கம் அலை பாறையில் அடிக்கும், மறுபக்கம் கழிமுகத்தில் தண்ணீர் அசையாமல் நிற்கும். சாயங்காலம் அங்கே இருக்கும்படி நாளை அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு உவரி, கூடங்குளம். அணுமின் நிலையம் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க வேண்டாம்.

கன்னியாகுமரியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நீங்கள் தேடுகிற கரை அதற்கு மேற்கேதான் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிப் பாறைகள் அங்கே கடலைத் தொடுகின்றன. மணக்குடிக் கழிமுகம், சொத்தவிளை, சங்குத்துறை, ராஜாக்கமங்கலம் துறை என்று கடலோர ஊர்கள் வழியாகவே முட்டம் போகலாம். தென்னைக்கு நடுவே குறுகலான ரோடு, ஏற்ற இறக்கம் உண்டு. முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகள் குவிந்து கிடக்கும். அலை ஒன்று வந்து மோதி வெள்ளையாக எழும்பி, பாறை இடுக்குகள் வழியாகப் பல ஓடைகளாகப் பிரிந்து திரும்ப ஓடும். நம் கரையில் கரடுமுரடு என்று எதையாவது காட்டச் சொன்னால் அதைத்தான் காட்டுவேன். மேலிருந்து பாருங்கள். கீழே நனைந்திருக்கும் பாறையில் பாசி இருக்கும், கால் நிற்காது.

சைக்கிள் விஷயம். முட்டம் பக்கத்து மேடுகளைத் தவிர மற்றதெல்லாம் சமதரை. ஹெர்குலிஸ் தாராளமாகப் போதும். கடன் வாங்க வேண்டாம். ஓவர்ஹாலிங் செய்து, இரண்டு டயரையும் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள், செலவை அதில் செய்யுங்கள். வழியில் எந்த ஊர்க் கடைக்காரருக்கும் அந்த வண்டி பழக்கம். காற்றடிக்கும் வால்வில் மாட்டுகிற சின்ன ரப்பர் குழாய், வால்டியூப், இரண்டு முழம் சட்டைப்பையில் இருக்கட்டும். மூட்டையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டுங்கள். உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் துருவேறும், சாயங்காலம் துடைத்து எண்ணெய் விட வேண்டும்.

உண்மையான எதிரி கருவேல முள். பஞ்சர் ஒட்டுகிறவர் செய்வதைக் கவனித்திருப்பீர்கள். டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் குறித்து, தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுவார். நல்ல கடைக்காரர் அதோடு விட மாட்டார். டயரின் உள்பக்கத்தில் விரலை வைத்து முழுச் சுற்றும் மெதுவாகத் தடவிப் பார்ப்பார். முள் ஒடிந்து நுனி மட்டும் ரப்பருக்குள் நிற்கும். வெளியே பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். அதை எடுக்காமல் காற்றடித்தால் சற்று தூரத்திலேயே மறுபடி பஞ்சர். இந்த வேலையைக் கிளம்பும் முன் உங்கள் தெருக் கடையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் தூரம் அதிகம். நிழலுக்காகக் கருவேலத்தின் கீழ் வண்டியை நிறுத்தவே கூடாது.

மதுரையிலிருந்து ராமநாதபுரம் சுமார் 120 கிலோமீட்டர். விரகனூர், சிலைமான், திருப்புவனம், மானாமதுரை என்று வைகையோடு போகும் வழி. முதல் ராத்திரி பரமக்குடி. தினமும் விடியும் முன் கிளம்பி, வெயில் ஏறியதும் நிறுத்திவிட்டு, மூன்றரைக்கு மேல் மறுபடி ஏறுங்கள். மதியத்தில் கடல்காற்று பக்கவாட்டில் தள்ளும், பஸ் கடக்கும்போது கைப்பிடி ஆடும். குடிக்கிற தண்ணீர் எப்போதும் மூன்று லிட்டர் கையில் இருக்கட்டும், அந்தப் பக்கம் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. சாயல்குடியில் தங்குகிற இடத்தை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். மற்ற ஊர்களில் லாட்ஜுக்குப் பஞ்சமில்லை. தனுஷ்கோடி ஆசை வரும். அதை இன்னொரு லீவுக்கு வையுங்கள், இந்த ஏழு நாளில் அதையும் சேர்த்தால் முட்டம் விட்டுப்போகும்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். தை மாதத்தில் அந்தச் சாலையில் நீங்கள் தனியாக இருக்க மாட்டீர்கள். தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் பச்சை உடுத்திக் கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். ஆங்காங்கே பந்தல் போட்டுச் சோறும் மோரும் கொடுப்பார்கள். அவர்கள் இடது ஓரத்தில் நடக்கும்போது மணியடித்து விரட்டாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். இருட்டினால் ஓட்டுவதில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அதைக் காப்பாற்றுங்கள். சாயங்காலம் அறைக்கு வந்ததும் ஒரு போன்.

திரும்பி வர நாகர்கோவிலில் ரயில். நான்குவழிச் சாலையில் காற்றை எதிர்த்து மதுரை வரை மிதிப்பதில் ஒரு பயனும் இல்லை. சைக்கிளைப் பார்சல் ஆபீசில் பதிய வேண்டும். எந்த ரயிலில் ஏற்றுவார்கள் என்று முந்தின நாளே கேட்டுக்கொண்டு, வண்டி கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

அன்புடன்.