பழைய துணி போடுற தானப் பெட்டி வைக்க பேரூராட்சி அனுமதி வேணுமா?

கேட்டது இதுதான்: எங்க ஊர் கடைவீதியில பழைய துணி போடுற பெட்டி ஒண்ணு வைக்கப் போறோம், நல்ல காரியம்தானே, இதுக்கும் பேரூராட்சியில போய் நிக்கணுமா?

கட்டாயம் போங்க. நாங்க போகாம வச்சு பட்டவங்க, அதனாலதான் இவ்வளவு தூரம் எழுதுறேன்.

எங்களுக்கு காரைக்குடி பக்கத்துல ஒரு சின்ன ஊர். செட்டிநாட்டு ஊரைப் பத்தி தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், பாதி வீடு வருஷம் பூரா பூட்டித்தான் கிடக்கும், படைப்பு (முன்னோர்களுக்குப் படைச்சுக் கும்பிடறது), கல்யாணம்னா சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்து திறப்பாங்க, அப்ப பீரோவை ஒழிச்சா துணி மூட்டை மூட்டையா வரும், யாருகிட்ட குடுக்கறதுன்னு தெரியாது. இன்னொரு பக்கம் மாத்துத் துணி இல்லாத குடும்பமும் அதே ஊர்லதான் இருக்கு. நாங்க அஞ்சு பேரு காசு போட்டு, வெல்டிங் பட்டறை அண்ணன்கிட்ட சொல்லி தகரத்துல பெட்டி அடிச்சு, பஸ் ஸ்டாப் ஓரமா வச்சுட்டோம். யாருகிட்டயும் கேக்கல.

ரெண்டு வாரம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் ஐப்பசி மழை புடிச்சுக்கிச்சு, ஆளாளுக்கு வேலை, ஒன்பது நாள் ஒருத்தரும் பூட்டைத் திறக்கல. பத்தாம் நாள் திறந்தப்ப வந்த வாடை இன்னும் மறக்கல. மேல யாரோ சாப்பிட்டு மிச்சம் வச்ச பிரியாணி பொட்டலம், அதுக்கடியில குழந்தைக்குப் போட்டு எடுத்த டயப்பர், அதுக்கும் அடியில ஒரு கண்டாங்கி சேலை, அரக்குக் கலர், அழகா மடிச்சு மஞ்சப் பையில வச்சு நடுவுல அந்துருண்டை கூட போட்டிருந்தாங்க. எந்த ஆச்சி எத்தனை வருஷம் பத்திரப்படுத்தி வச்சிருந்து, யாராவது கட்டட்டும்னு மனசார குடுத்தாங்களோ, எண்ணெயும் பூசணமும் ஏறி எதுக்கும் ஆகாமப் போச்சு. பெட்டிய சுத்தி வேற உடைஞ்ச நாற்காலி, தலகாணிப் பஞ்சு. அதையெல்லாம் அள்ளினது நாங்க இல்ல, துப்புரவு வேலை பாக்கற அக்காதான், வெறுங்கையால. அன்னைக்கே பேரூராட்சிக்காரங்க வண்டியில பெட்டிய ஏத்திட்டுப் போயிட்டாங்க, எங்களுக்கு கோபம் வந்துச்சு, ஆனா நியாயம் அவங்க பக்கம்தான் இருந்துச்சு.

அதனால அனுமதிங்கறத வெறும் பேப்பர்னு நெனைக்காதீங்க. இந்தப் பெட்டிக்கு யாரு பொறுப்பு, எந்தக் கிழமை காலி பண்ணுவாங்க, நிரம்பி வழிஞ்சா யாருக்கு போன் அடிக்கணும், இதுக்கு எழுத்துல பதில் இருக்கணும்ங்கறதுதான் விஷயம். கலிபோர்னியாவுல இதுக்குன்னே சட்டம் இருக்கு, வச்சவங்க பேரு, விலாசம், போன் நம்பர், அதோட இது தர்மத்துக்கா இல்ல லாபத்துக்கு நடத்துறதான்னு பெட்டி மேலயே எழுதியிருக்கணும். நம்ம ஊருக்கும் இது ஒண்ணு போதும்னு தோணுது, ஏன்னா பழைய துணிய எடை போட்டு விக்கறதும் பெரிய வியாபாரம்தான், குடுக்கறவங்களுக்கு எங்க போகுதுன்னு தெரியணும்ல.

அதுக்காக மொத்தமா தடை போடறதையும் நான் ஒத்துக்க மாட்டேன். அமெரிக்காவுல மிச்சிகன்ல செயின்ட் ஜான்ஸ்னு ஒரு சின்ன ஊர் அப்படி தடை போட்டு, பெட்டி வச்ச அமைப்பு கோர்ட்டுக்குப் போச்சு, 2015ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடைய அமல்படுத்தக் கூடாதுன்னு சொல்லிடுச்சு, தர்மம் கேக்கறதும் பேச்சுரிமைல சேரும்னு. குப்பை சேருதுன்னா காலி பண்றதுக்கு விதி போடலாம், பெட்டியே கூடாதுன்னு சொல்லக் கூடாது.

பெட்டியோட வாய் எவ்வளவு பெருசுங்கறதையும் சாதாரணமா விட்டுறாதீங்க. கனடாவுல குளிருக்கு வழியில்லாதவங்க துணி எடுக்கப் போய் பெட்டி வாயில மாட்டிக்கிட்டு செத்திருக்காங்க, 2018 கடைசி, 2019 ஆரம்பத்துல அடுத்தடுத்து நடந்து பல ஊர்ல பெட்டிய மூடுனாங்க. எங்க முதல் பெட்டிய இப்ப நெனச்சா பயமா இருக்கு, ஒரு சின்னப் பையன் உள்ள இறங்கற அளவுக்கு வாய் வச்சிருந்தோம்.

இடத்தைப் பொறுத்தவரை, மெயின் ரோடு ஓரம்னா அது நெடுஞ்சாலைத்துறை இடமா இருக்கும், பேரூராட்சி சரின்னு சொன்னாலும் அவங்களும் சொல்லணும். அதுக்குப் பதிலா ஒரு கல்யாண மண்டபமோ கடையோ பாத்து, உரிமையாளர்கிட்ட எழுதி வாங்கிட்டு, கூரைக்குக் கீழ வச்சா மழையும் நனைக்காது. நகராட்சி, மாநகராட்சியா இருந்தா முதல்ல ஆர்ஆர்ஆர் மையம் (நமக்கு வேண்டாத பொருளை மத்தவங்க பயன்படுத்தவோ மறுசுழற்சிக்கோ குடுக்கற இடம்) இருக்கான்னு கேளுங்க, 2023 மே மாசம் மத்திய அரசு சொல்லி நகர்ப்புற உள்ளாட்சிகள்ல பழைய துணி, புஸ்தகம், பொம்மை வாங்க ஆரம்பிச்சாங்க, அது நடந்துச்சுன்னா தனிப் பெட்டியே வேணாம், அதுக்கே ஆள் பலம் குடுங்க.

நாங்க ரெண்டாவது தடவை பேரூராட்சி செயல் அலுவலருக்கு மனு எழுதி, மறக்காம ரசீது வாங்கினோம். இப்ப பெட்டி ஒரு மளிகைக் கடைத் திண்ணையில இருக்கு, கை மட்டும் நுழையற வாய், மேல ரெண்டு போன் நம்பர். புதன், சனி திறக்கறோம், மழைன்னா தினமும். துவைக்காத துணி போடாதீங்கன்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கோம், அப்பவும் சில பேரு போடறாங்க, துவைச்சுத்தான் குடுக்கறோம்.

நீங்க பேரூராட்சியா ஊராட்சியான்னு கமெண்ட்ல சொல்லுங்க, எங்க மனுவோட நகலை அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தித் தர்றேன்.