கேஸ் தள்ளுபடியானால் பெயில் கமிஷன் திரும்ப வருமா? கேள்வி பதில்

கலிஃபோர்னியாவில் ஒரு கிரிமினல் வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வக்கீல் இல்லை, கோப்பு தூக்குகிறவன். பெயில் பணத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

தம்பிக்கு லாஸ் ஏஞ்சலஸில் பெயில் 50,000 டாலர். பெயில் ஏஜென்டுக்கு 5,000 கட்டி வெளியே எடுத்தோம். மூன்றே வாரத்தில் குற்றச்சாட்டை வாபஸ் வாங்கிவிட்டார்கள். பணம் வருமா?

வராது. ஊரில் வீடு வாடகைக்குப் பிடித்த கதைதான். வீட்டுக்காரரிடம் கொடுத்த அட்வான்ஸ் காலி செய்யும்போது கைக்கு வரும், புரோக்கர் கமிஷன் பத்து நாளில் காலி செய்தாலும் வராது. உங்கள் 5,000 புரோக்கர் கமிஷன். 50,000-க்கு நான் பொறுப்பு என்று ஏஜென்ட் கோர்ட்டில் பத்திரம் கொடுத்ததற்கான கூலி அது, தம்பி வெளியே வந்த அன்றே அந்த வேலை முடிந்தது, கேஸ் அப்புறம் என்ன ஆனது என்பது கணக்கிலேயே வராது. தவணையில் கட்டுகிறீர்கள் என்றால் மீதியையும் கட்டத்தான் வேண்டும்.

ஆனால் அடமானமாக நகையோ கார் பத்திரமோ கொடுத்திருந்தால் அது உங்களுடையது, பாண்ட், அதாவது ஏஜென்ட் கொடுத்த அந்தப் பத்திரம், விடுவிக்கப்பட்டதற்கான கோர்ட் தாளோடு போய்க் கேளுங்கள். ஏஜென்டே தகுந்த காரணமில்லாமல் ஆளைத் திரும்ப ஜெயிலில் ஒப்படைத்தால் கமிஷனைத் திருப்பித் தரச் சொல்ல இங்கே கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அபூர்வம்தான்.

நியூயார்க்கில் பெயில் 3,000 டாலரையும் நேராகக் கோர்ட்டிலேயே கட்டினேன். அது வருமா?

அது அட்வான்ஸ். தள்ளுபடியானால் முழுசாக வரும், தண்டனையானால் 3 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். ரசீதில் யார் பெயரோ அவருக்குத்தான் செக். ரசீதைத் தொலைக்காதீர்கள். வீடு மாறினால் கோர்ட்டுக்குச் சொல்லுங்கள், செக் பழைய வீட்டுக்குத்தான் போகும்.

டெக்சாஸ். கேஸ் டிஸ்மிஸ். ஏஜென்டுக்குக் கட்டிய 10 சதவீதம்?

முதல் பதில்தான், வராது.

சிகாகோவில் நண்பன் கைதாம். 'பெயில் ஏஜென்ட்' என்று ஒருவர் போனில் 1,500 டாலர் கேட்கிறார்.

அனுப்பாதீர்கள்! சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் பெயில் ஏஜென்ட் தொழிலுக்கு 1963-லேயே தடை. 2023 செப்டம்பர் 18 முதல் அங்கே பணம் கட்டி பெயில் என்பதே கிடையாது.

குற்றமே இல்லை என்றான பிறகும் காசை வைத்துக்கொள்வது பகல் கொள்ளை இல்லையா?

கோபம் நியாயம்தான். இப்படி லாபத்துக்கு பெயில் விற்கும் தொழில் அமெரிக்காவையும் பிலிப்பைன்ஸையும் விட்டால் வேறெங்கும் இல்லை. கென்டக்கி மாநிலம் 1976-லேயே ஒழித்துவிட்டது. சட்டத்தை மாற்றச் சொல்லுங்கள், ஏஜென்டிடம் சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஏஜென்டும் ரிஸ்க் எடுக்கிறாரே சார்?

யார் எடுக்கிறார்? கூடக் கையெழுத்துப் போட்ட அக்காவும் மாமாவும்தான் எடுக்கிறார்கள். ஆள் ஓடிப்போனால் 50,000-ஐயும் அவர்களிடம்தான் வசூலிப்பார். ராத்திரி இரண்டு மணிக்கு ஜெயில் வாசலில் கார் பானெட் மேல் வைத்து, படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரு அம்மாவைப் பார்த்திருக்கிறேன், அதில் அவர் வீடும் அடமானமாக இருந்தது. படித்துவிட்டுப் போடுங்கள்.

குடியேற்றக் காவலில் இருந்தவரை எடுக்க நான் முழுசாகக் கட்டிய குடியேற்ற பாண்ட் பணம் வருமா?

அது ஐசிஇ, அதாவது குடியேற்றச் சட்ட அமலாக்கத் துறை, கணக்கு. பாண்ட் ரத்தானதும் ஐ-391 படிவம் வரும், அதோடு ஐ-305 ரசீதையும் சேர்த்து அனுப்பினால் வட்டியோடு திருப்பித் தருவார்கள். ரசீதைத் தொலைக்காதீர்கள் என்று மறுபடி சொல்கிறேன். தொலைத்தவர்களுக்கு ஐ-395 என்று தனி உறுதிமொழிப் படிவமே இருக்கிறது, அவ்வளவு பேர் தொலைக்கிறார்கள்.

ஃப்ளோரிடாவில் கேஸ் வாபஸ், ஏஜென்ட் பணம்...

வராது.

இப்படிக் கைதானதால் எச்-1பி வேலை விசா ஸ்டாம்பிங்கில் சிக்கல் வருமா?

குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். போகும்போது தள்ளுபடி உத்தரவின் சான்றளித்த நகலைக் கொண்டு போங்கள். கேஸ் போனாலும் கைதான பதிவு பல இடங்களில் தானாக அழியாது.