குறைத்த எடை ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: எனக்கு வயது 41. உயரம் 158 செ.மீ., எடை 79 கிலோ. மூன்று முறை கடுமையான டயட் இருந்து, ஒவ்வொரு தடவையும் எட்டு, பத்து கிலோ குறைத்தேன். ஒரு வருடத்துக்குள் எல்லாம் திரும்பிவிடுகிறது. எனக்கு மனக்கட்டுப்பாடு போதாது என்று வீட்டில் சொல்கிறார்கள். நிரந்தரமாக எடை குறைக்க முடியுமா, டாக்டர்?

பதில்: முடியும். மூன்று முறை அவ்வளவு எடை குறைத்தவருக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எடை திரும்பியதில் உங்கள் உடம்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

கொழுப்புத் திசுவில் லெப்டின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இருப்பு போதும் என்று மூளைக்குத் தெரிவிப்பது அதுதான். கொழுப்பு கரையும்போது லெப்டின் குறைகிறது; பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது; உடம்பு செலவழிக்கும் கலோரியும் குறைகிறது. எடை குறைந்து ஓராண்டு ஆன பிறகும் இந்தப் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை என்று 2011-ல் வெளியான மெல்போர்ன் ஆய்வு காட்டியது. அதாவது, டயட் முடிந்துவிட்டது என்று நீங்கள் நிம்மதியாகும் சமயத்தில் உடம்பு இழந்ததை மீட்கும் வேலையில் மும்முரமாக இருக்கிறது.

அதனால்தான் ‘மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்போம்’ என்ற எண்ணத்தையே முதலில் விடச் சொல்கிறேன். எந்த மாற்றத்தைத் தொடங்கும் முன்னும், ஐந்து வருடம் கழித்தும் இதைச் செய்துகொண்டிருப்பேனா என்று கேளுங்கள். இல்லை என்றால் அது எவ்வளவு வேகமாக எடையைக் குறைத்தாலும் வேண்டாம். இனிப்பு பானத்தை நிறுத்துவது, தட்டில் பாதியைக் காய்கறிக்கு ஒதுக்குவது, ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் புரதம் சேர்ப்பது, இரவில் ஏழு மணி நேரமாவது தூங்குவது. இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது பழகிய பிறகு அடுத்ததுக்குப் போங்கள். ஒரு பழக்கம் படிய 21 நாள் போதும் என்பார்கள். 2009-ல் வெளியான லண்டன் ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே வந்தது, சிலருக்கு எட்டு மாதம் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். தாமதமானால் சோர்ந்துவிடாதீர்கள்.

ஒரு விருந்தில் அதிகம் சாப்பிட்டுவிட்டால் பலரும், ‘போச்சு, இனி திங்கட்கிழமை பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் அதிகம் கெடுப்பது இந்த எண்ணம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கூடுதலாக 1,000 கலோரி சாப்பிட்டாலும் அது சுமார் 130 கிராம் கொழுப்புதான். மறுநாள் எடை இயந்திரம் ஒரு கிலோ கூடக் காட்டினால், அதில் பெரும்பகுதி உப்பாலும் மாவுச்சத்தாலும் தேங்கிய நீரும், செரிமானத்தில் இருக்கும் உணவும்தான். அடுத்த வேளையிலேயே வழக்கத்துக்கு வந்துவிட்டால் போதும். பட்டினி கிடந்து ஈடுகட்ட வேண்டாம்; அது அடுத்த மிதமிஞ்சிய சாப்பாட்டுக்கு வழி செய்யும்.

உடற்பயிற்சி மட்டும் எடையைப் பெரிதாகக் குறைத்துவிடாது, ஆனால் குறைத்ததைக் காப்பாற்ற அது ரொம்ப முக்கியம். எடை குறைத்துத் தக்கவைத்தவர்களை அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேட்டில் சேர்த்துக் கவனித்துவருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் நடை போன்ற ஏதாவது செய்கிறார்கள். வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். நீங்கள் பத்து நிமிட நடையில் தொடங்கினாலே சரி. வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் சேருங்கள். டயட்டில் கொழுப்போடு தசையும் கரையும், அதைத் தடுக்க இது வேண்டும். எடை இரண்டு கிலோ ஏறும்போதே விழித்துக்கொண்டால் சரிசெய்வது சுலபம்.

இலக்கை நான்கிலிருந்து எட்டு கிலோவுக்குள் வையுங்கள். இப்போதைய எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டிலும் முன்னேற்றம் தெரியும்.

அப்புறம், தொடங்கும் முன் உங்கள் மருத்துவரிடம் தைராய்டு, சர்க்கரை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் இருந்தாலோ, பலத்த குறட்டை இருந்தாலோ சொல்லுங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டும். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்று உண்டா என்று கேளுங்கள். உங்கள் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் குறியீடு) 30-ஐத் தாண்டியிருப்பதால் எடை குறைக்கும் மருந்து பற்றியும் பேசலாம். ஆனால் அதை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்புகிறது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். கட்டுப்படுத்த முடியாமல் சாப்பிட்டுவிட்டு குற்றவுணர்வில் தவிப்பது அடிக்கடி நடக்கிறதா? அதற்குத் தனியாகச் சிகிச்சை இருக்கிறது. டயட்டைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.